இடது பக்கக் கைப்பிடி

சென்ற இதழில் பரீட்சைக் காலத்து நித்திரையைப் பற்றி எழுதியிருந்தோம். இந்த முறை ஒரு பழைய தூண்டில் ரீலைப் பற்றி எழுதுகிறோம். சுகாதாரப் பக்கத்துக்கும் தூண்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள், சம்பந்தம் தானாக வரும்.

வசந்தம் வந்ததும் வழக்கம்போல நிலவறையை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். மூலையில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி கிடந்தது. திறந்தால் துருப்பிடித்த கொக்கிகள், ஈயக் குண்டுகள், மக்கிப்போன தங்கூசி நூல். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய சாரத்துணியில் சுற்றியபடி ஒரு கறுப்பு ரீல். எங்கள் 15 வயது மகன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அம்மா, இது விண்டேஜ். வித்தால் நல்ல காசு வரும்” என்றான்.

அது அப்பப்பாவின் பெட்டி. கனடாவுக்கு வந்த புதிதில், தொழிற்சாலையில் இரவு வேலை செய்த காலத்தில், ஒரு கராஜ் சேலில் 5 டொலருக்கு வாங்கினாராம். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போவார். யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தில் நின்று கைத்தூண்டில் போட்டுப் பழகியவர். ரீல் அவருக்குப் பிடிபட ஒரு கோடை முழுவதும் எடுத்ததாம். முதல் நாள் நூல் முழுவதும் சிக்கி, கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த கதையை எங்கள் வீட்டுக்காரர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அப்பப்பாவுக்குப் போன மாரியில் பக்கவாதம் வந்தது. பாதிப்பு மூளையின் இடப்பக்கத்தில். மூளையின் இடப்பக்கம்தான் உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. பெரும்பாலானோருக்குப் பேச்சும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் வலக்கையும் வலக்காலும் பலம் இழந்தன, பேச்சும் குறைந்துவிட்டது. நாங்கள் சொல்வது அவருக்கு நன்றாக விளங்கும். பதில் மட்டும் வராது, நாலைந்து சொற்கள்தான் வரும். கைப் பயிற்சிக்கென்று தந்த ரப்பர்ப் பந்து ஜன்னல் ஓரத்தில் அப்படியே கிடக்கிறது. சட்டைப் பொத்தானை இன்னொருவர் பூட்டிவிட வேண்டியிருப்பதுதான் அவருக்குப் பெரிய வேதனை. ஆராதனைக்குக் கூப்பிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வார்ட்டில் எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்லிப் பழகிய எங்களுக்கு, வீட்டில் இருக்கிற ஒருவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

“விற்கிறதெண்டால் முதலில அப்பப்பாவிட்டக் கேக்கவேணும். கேக்கிறதுக்கு முதல் அது என்னெண்டு எங்களுக்குத் தெரியவேணும்” என்று மகனுக்குச் சொன்னோம். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, ரீலை அதன்மேல் வைத்தோம். அப்பப்பா தன் நாற்காலியில் இருந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்ட்டில் ஒருவருக்கு மருந்து கொடுப்பதற்கு முன் அவர் யார் என்பதை ஒரு விஷயத்தை மட்டும் வைத்து முடிவுசெய்ய மாட்டோம். பெயரைக் கேட்போம், பிறந்த திகதியைக் கேட்போம், கைப்பட்டியையும் பார்ப்போம். பழைய ரீலுக்கும் அதே முறைதான். உங்கள் வீட்டு நிலவறையிலும் ஒன்று கிடக்கலாம் என்பதால் நாங்கள் பார்த்த ஒழுங்கிலேயே சொல்கிறோம்.

முதலாவது, எழுத்து. ஈரத்துணியால் துடைத்ததும் பக்கத் தகட்டில் ‘கார்சியா மிச்சல் 300’ என்று தெரிந்தது. பிரான்சில் செய்தது என்ற முத்திரையும் இருந்தது. தூண்டில் தடியோடு பொருந்தும் பகுதியைக் கால் என்பார்கள். அதன் பக்கத்தில் தொடர் எண் இருந்தால் அதையும் எழுதிவையுங்கள். சேகரிப்பாளர்கள் அதை வைத்து எந்தக் காலத்து ரீல் என்று ஓரளவு கணிப்பார்கள்.

இரண்டாவது, வடிவம். உடல் முட்டை வடிவில் இருந்தது. இந்த ரீல்கள் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில், ஓட் சவோய் மாகாணத்துக் குளூஸ் என்ற ஊரில் செய்யப்பட்டவை. அது மணிக்கூட்டுக்காரர்களின் பள்ளத்தாக்கு. 1848-லேயே அங்கே மணிக்கூடு செய்யக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. மணிக்கூட்டுப் பாகங்கள் செய்துவந்த கார்ப்பனோ - போன்ஸ் தொழிற்சாலைதான் மிச்சல் ரீலைச் செய்தது. உள்ளே பல்சக்கரங்கள் அத்தனை நேர்த்தியாக இருப்பதன் இரகசியம் இதுதான்.

மூன்றாவது, வயது. கார்சியா என்பது இந்த ரீலை வட அமெரிக்காவில் விற்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனம் 1970-களின் இறுதியில் நொடித்துப்போனது. பிறகு சுவீடனின் ஆபு நிறுவனம் அந்தப் பெயரை வாங்கியது. இன்று கடையில் காணும் ‘ஆபு கார்சியா’ அப்படி வந்ததுதான். ஆகவே கார்சியாவும் மிச்சலும் ஒரே தகட்டில் இருந்தால், அது ஏறக்குறைய 1980-க்கு முற்பட்டது என்று நம்பலாம். நூலைப் பிடித்துச் சுற்றும் கம்பி வளையத்தைப் பெயில் என்பார்கள். அது முழு வளைவாக இல்லாமல் பாதிக் கம்பியாக நின்றால் இன்னும் பழையது. எங்களுடையதில் முழு வளைவு. நூல் சுற்றியிருக்கும் ஸ்பூலின் நடுவில் ஒரு பொத்தான், அதை அழுத்தினால் ஸ்பூல் கழன்று கையில் வரும். பொத்தான் இல்லாமல் முன்திருகைக் கழற்ற வேண்டியிருந்தால் அது முந்திய வகை.

நான்காவது, இலக்கம். 300 என்பது நன்னீருக்கான நடுத்தர அளவு. 302 கடலுக்கான பெரியது, 308 சிறியது. 301 என்று ஒன்றும் உண்டு. அதுவும் 300-ம் ஒரே ரீல்தான், ஆனால் கண்ணாடியில் பார்த்ததுபோலப் பக்கம் மாறியிருக்கும். இன்றைய ரீல்களில் கைப்பிடியை எந்தப் பக்கமும் மாற்றிப் பூட்டலாம். இவற்றில் அப்படி முடியாது. 300-இல் வலக்கை தடியைப் பிடிக்க இடக்கை சுற்ற வேண்டும். 301-இல் இடக்கை பிடிக்க வலக்கை சுற்ற வேண்டும்.

இவ்வளவும் பார்த்து முடிந்தபோது மகனுக்கு ஒரு ஏமாற்றம். இந்த ரீல்கள் பல மில்லியன் கணக்கில் செய்யப்பட்டவை. மிகப் பழைய வகைகளையும், பெட்டி கலையாத புத்தம் புதியவற்றையும் தவிர மற்றவற்றுக்குப் பெரிய விலை இல்லை. “அப்ப வித்தும் பிரயோசனமில்லை” என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தான். அது அசையவில்லை. இன்னொரு முறை இறுக்கிச் சுற்றப் பார்த்தவன் சட்டென்று நிமிர்ந்து, “அம்மா, இதைச் சுத்துறது இடக்கையால” என்றான்.

நாங்கள் அப்பப்பாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் ரீலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆனா தடியை வலக்கையால எல்லே பிடிக்கவேணும்” என்றோம்.

“அதை நான் பிடிக்கிறன்” என்றான்.

பல ஆண்டுகளாகத் தாதியாக வேலை செய்யும் எங்களுக்கு அது தோன்றவில்லை. நாங்கள் அப்பப்பாவின் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளை அவருடைய இடக்கையைப் பார்த்தான்.

அடுத்த வாரம் முழுவதும் துப்புரவு வேலை. பழைய கிரீஸ் காய்ந்து மெழுகுபோல இறுகியதால்தான் ரீல் சுற்றவில்லை. இப்படி இருக்கும்போது பலவந்தமாகச் சுற்றக் கூடாது, பல்சக்கரம் உடையும். வெளிப்பக்கத்தை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல் தூரிகையும் கொண்டு கழுவினோம். பக்கத் தகட்டைத் திறந்து உள்ளே இறுகியிருந்ததை வைட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தோம். இது எளிதில் தீப்பற்றும், ஆவியும் நல்லதல்ல. ஆகவே கராஜ் கதவைத் திறந்துவைத்து, கையுறை போட்டு, நெருப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள். சின்னச் சுருள்வில்கள் துள்ளிப் பறக்கும், கண்ணாடி அணியுங்கள். ஒவ்வொரு பாகத்தைக் கழற்றுமுன்னும் ஒரு படம் எடுத்து, கழற்றியதை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டுவையுங்கள்.

மகன் இரண்டு முறை வரிசையைத் தவறவிட்டான். இரண்டாவது முறை மேசைக்கு மறுபக்கத்திலிருந்து ஒரு விரல் நீண்டு வந்தது. அப்பப்பாவின் இடது சுட்டுவிரல். ஒரு சிறு வளையத்தைத் தொட்டு, அது போகவேண்டிய இடத்தைக் காட்டியது. அதன் பிறகு அவருடைய நாற்காலியை மேசைக்குக் கிட்டத் தள்ளிவைத்தோம்.

சுத்தமான பல்சக்கரங்களுக்குப் பாணுக்கு மாஜரின் பூசுவதுபோல மெல்லிய பூச்சாகக் கிரீஸ் போதும். கைப்பிடித் தண்டுக்கும் பெயிலின் இரு முனைகளுக்கும் ஒவ்வொரு துளி ரீல் எண்ணெய். வீட்டில் இருக்கும் துருநீக்கித் தெளிப்பானை மட்டும் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது அழுக்கைக் கரைக்கும், நின்று உழைக்காது. இன்னொரு சின்ன வித்தை: பஞ்சை எடுத்து ஸ்பூலின் விளிம்பையும் பெயில் கம்பியையும் தடியின் வளையங்களையும் மெல்லத் தடவுங்கள். பஞ்சின் இழை மாட்டினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்போ கூரோ இருக்கிறது. அதே இடம் நூலையும் அறுக்கும்.

பெட்டியில் இருந்த ஈயக் குண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னர் எல்லாரும் அவற்றைப் பல்லால் கடித்து நூலில் இறுக்குவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், சின்னப் பிள்ளைகளின் கையிலும் கொடுக்காதீர்கள். ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும். தொட்டால் சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நமது ஒரு டொலர்க் காசில் இருக்கும் லூன் பறவை இந்தக் குண்டுகளை விழுங்கி நஞ்சேறிச் செத்துப்போகிறது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டுகளுக்குத் தடை உண்டு. நாங்கள் எல்லாவற்றையும் நகரசபையின் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு, தகரத்தில் செய்த குண்டுகளை வாங்கினோம். துருப்பிடித்த கொக்கிகளும் போயின. கொக்கி ஏறினால் ஏற்புத் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்று பாருங்கள். பெரியவர்களுக்கு அது 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

இனிப் பாவிக்கும் முறை. இப்படியான ரீலில் ஸ்பூல் சுழலாது. பெயில்தான் அதைச் சுற்றிவந்து நூலைச் சுற்றும். 8 இறாத்தல் தாங்கும் சாதாரண நைலோன் நூலைப் புதிதாகச் சுற்றி, விளிம்புக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் குறைவாக நிறுத்தினோம். அதற்கு மேல் நிரப்பினால் நூல் கொத்தாகக் கழன்று விழும்.

ஸ்பூலின் முன்னால் இருக்கும் திருகு ட்ராக் எனப்படும் இழுவைப் பிடிக்கானது. பெரிய மீன் இழுக்கும்போது ஸ்பூல் கொஞ்சம் வழுக்கி நூலை விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நூல் அறும். பொதுவாக நூல் தாங்கும் எடையில் கால்பங்கில் அது வழுக்கத் தொடங்கினால் நல்லது. 8 இறாத்தலில் கால்பங்கு 2 இறாத்தல், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலை நூலில் கட்டித் தூக்குங்கள். போத்தல் மெல்ல மெல்ல இறங்கினால் இறுக்கம் சரி. மீன் நூலை இழுத்துக்கொண்டு போகும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள், நூல் முறுக்கேறிவிடும். அது ஓய்ந்த பிறகு சுற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் திருகைத் தளர்த்திவையுங்கள். இறுக்கியபடியே வைத்தால் உள்ளிருக்கும் வட்டுகள் நசிந்துபோகும்.

புறப்படுமுன் உரிமத்தைப் பார்த்தோம். ஒன்ராறியோவில் வசிப்பவர்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65-ம் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் மீன்பிடி உரிமம் வாங்கத் தேவையில்லை, அடையாள அட்டை போதும். ஆனால் எத்தனை மீன், எந்தக் காலம் என்ற சட்டங்கள் எல்லாருக்கும் உண்டு. ஆக, எங்கள் வீட்டில் பேரனுக்கும் அப்பப்பாவுக்கும் உரிமம் வேண்டாம். நடுவில் நிற்கிற எங்களுக்குத்தான் வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை சிம்கோ ஏரிக்குப் போனோம். சில்லு நாற்காலியைத் துறையின் விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தி, பிரேக் போட்டு, இருவருக்கும் மிதவை அங்கி மாட்டினோம். தண்ணீர்ப் பக்கம் போகும் யாருக்கும் இதில் வெட்கம் வேண்டாம். மகன் தடியைப் பிடித்தான். அப்பப்பாவின் வலக்கையைச் சும்மா மடியில் விடாமல் தடியின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டான். பலவீனமான கையையும் வேலைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சிகிச்சையாளர்கள் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் பந்தை வைத்துத்தான் முயன்றோம்.

முதல் இரண்டு மணித்தியாலமும் ஒன்றும் இல்லை. மூன்று முறை புழுவைக் கொடுத்துவிட்டு வெறும் கொக்கி வந்தது. ஒருமுறை அப்பப்பா கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்ற, நூல் தளர்ந்து சிக்கியது. அவர் முகம் இருண்டது. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்க நாங்கள் வாயெடுத்தோம். மகன் ஒன்றும் சொல்லாமல் சிக்கை எடுத்துவிட்டுத் திரும்பவும் எறிந்தான்.

பிறகு தடியின் நுனி இரண்டு தரம் ஆடியது. பெடியன் பதறித் தடியை மேலே வெட்டப் போனான். அப்போது அப்பப்பா, “மெல்ல” என்றார்.

தெளிவாகச் சொன்னார். அதுவரை அந்தச் சொல்லை நாங்கள் கேட்டிருக்கவில்லை. அவருடைய இடக்கை சுற்றத் தொடங்கியது. சுற்றும், நிற்கும், மீண்டும் சுற்றும். மேலே வந்தது ஒரு சாண் நீள மஞ்சள் பேர்ச். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் வாயின் ஒரு பக்கம்தான் ஏறியது. எங்களுக்கு அது போதுமாயிருந்தது.

அன்று நாலு மீன். ஒன்ராறியோ அரசாங்கம் எந்த ஏரியில் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. கர்ப்பிணிகளும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் உள்ள வீட்டார் கட்டாயம் பாருங்கள். பெரிய, வயதான மீன்களில் பாதரசம் கூடச் சேர்ந்திருக்கும். சின்னப் பேர்ச் பெரும்பாலும் பயமில்லை. மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பொரித்தோம்.

சாட்சி சொல்வதுபோல மிகைப்படுத்த விரும்பவில்லை. அப்பப்பாவின் வலக்கை இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. ரப்பர்ப் பந்தை இன்றும் தொடமாட்டார். சட்டைப் பொத்தானை இன்றும் நாங்கள்தான் பூட்டுகிறோம். ஆனால் சனிக்கிழமை காலையில் தானே இடக்கையால் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருக்கிறார். போன மாதம் ஒரு ஞாயிறு, அதே தொப்பியோடு ஆராதனைக்கும் வந்தார். பின்வரிசையில் இருந்தவரைப் பலர் வந்து விசாரித்தீர்கள். நன்றி.

லூக்கா 5-ஆம் அதிகாரத்தில் வலை கிழியும் அளவுக்கு மீன் அகப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஏழாம் வசனத்தில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பேதுருவும் கூட இருந்தவர்களும் தனியாக இழுக்க முடியாமல், மற்றப் படகில் இருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டி உதவிக்குக் கூப்பிடுகிறார்கள். அனுபவமுள்ள மீனவர்கள்தான், கூப்பிட வெட்கப்படவில்லை. கூட்டாளிகளும் ஒரு சைகையிலேயே விளங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த இரண்டாவது படகில் இருந்தவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலும் ஓர் அப்பப்பாவோ அம்மம்மாவோ ஓர் அறைக்குள் ஒதுங்கியிருக்கலாம். அவர்களால் செய்ய முடியாததை டொக்டர்களும் எங்களைப் போன்ற தாதிகளும் பட்டியல் போட்டுவைத்திருப்போம். அவர்களால் இன்னும் எது முடியும் என்பதை நீங்கள் தேடிப் பாருங்கள். இந்த வாரம் ஒருநாள் அவர்களிடம் போய், அவர்கள் கையால் முன்பு பாவித்த ஏதாவது ஒரு பொருளைக் காட்டச் சொல்லுங்கள். தையல் மெஷினோ, ஆர்மோனியமோ, எங்கள் வீட்டைப் போல ஒரு பழைய ரீலோ. அதை என்னவென்று அறிந்து, துடைத்து, அவர்களோடு சேர்ந்து இயக்கிப் பாருங்கள். அவர்களால் முடியாத பாதியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் கோடை வெயிலும் தண்ணீர் குடித்தலும் பற்றிப் பார்ப்போம். கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டு மூத்தவர்களையும் காப்பாராக.